வேட்டைத் துப்பாக்கி சிக்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்கு?

அமெரிக்கா, கனடா, ஐரோப்பா போன்ற இடங்களில் உரிமத்தோடு வாத்து, ஃபெசன்ட், வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்களுக்கு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த வகை வேட்டைக்கு இடமில்லை. இங்கே துப்பாக்கி என்றால் ரவை சிதறும் ஷாட்கன் மட்டும்தான், ரைஃபிள் இல்லை. நம்மூரில் ‘12 போர்’ என்று சொல்வதைத்தான் அமெரிக்கர்கள் ‘12 கேஜ்’ என்கிறார்கள்.

பழைய துப்பாக்கிகள் மாதிரி இப்போது வருவதில்லை என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. எஃகின் தரத்திலும் குழல் துளையின் நேர்த்தியிலும் இன்றைய துப்பாக்கி 1960களில் வந்ததற்குச் சளைத்ததில்லை. காணாமல் போனது கடைசிக் கைவேலை. முன்பு ஒரு ஃபிட்டர் போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் பாகம்) பூட்டிப் பார்ப்பார், தட்டுகிற இடத்தை அரத்தால் தேய்ப்பார், சேம்பருக்குள், அதாவது சுடும்போது தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதிக்குள், மெருகு போடுவார். அந்த ஆளின் கூலியும் விலையில் சேரும். இன்று கணினி இயந்திரத்தில் வெட்டிய பாகங்களை அப்படியே கோத்து, அதிக அழுத்தத் தோட்டா ஒன்றைச் சுட்டு, இயக்கம் பார்க்கச் சில தோட்டாக்களையும் சுட்டு, பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பாகமும் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கும். ஆனால் சேம்பர் அளவின் கீழ் எல்லையிலும், சுட்ட கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் ஸ்பிரிங் பலவீனத்தின் எல்லையிலும், தோட்டாவின் அடிப்பகுதி பருமனின் மேல் எல்லையிலும் ஒரே துப்பாக்கியில் கூடிவிட்டால் சிக்கல்தான். தொழிற்சாலையில் நாலைந்து தோட்டா சுட்டால் இது தெரியாது. எழுபதாவது தோட்டாவில், சேம்பர் சூடாகிப் பிளாஸ்டிக் கறை படிந்த பிறகுதான் தெரியும். அப்போது துப்பாக்கி உங்கள் கையில் இருக்கும். மலிவு ரகத் துப்பாக்கிக்குக் கடைசிப் பரிசோதகர் வாங்குகிறவர்தான். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பாதி எரிச்சல் மிச்சம்.

ரெமிங்டன் 870 பற்றி ஏன் இவ்வளவு புலம்பல்?

அதிகம் விற்றது அது என்பதால், புகாரும் அதிகம் என்பது ஒரு காரணம். 1950இல் வந்த பம்ப் மாடல்: முன்கட்டையைக் கையால் பின்னும் முன்னும் இழுத்தால்தான் அடுத்த தோட்டா ஏறும். 2009இல் ஒரு கோடியாவது துப்பாக்கி வெளிவந்தது. வடிவமைப்பில் குறை சொல்ல அதிகமில்லை. பளபளப்பு வேலை செய்த ‘விங்மாஸ்டர்’ ரகத்தோடு, 1987இல் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற மலிவு ரகமும் சேர்ந்தது. உள்ளே இயக்கம் ஒன்றுதான். மெருகு மட்டும் இல்லை. வெளிப்பூச்சு சொரசொரப்பானது, ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ட்ரிகர் கூடு பிளாஸ்டிக்குக்கு மாறியது. அறுத்துச் செய்த எக்ஸ்ட்ராக்டர் இருந்த இடத்துக்கு உலோகப் பொடியை அச்சில் வார்த்துச் சுட்ட எக்ஸ்ட்ராக்டர் வந்தது.

நிறுவனம் 2007இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018இலும் 2020இலும் திவால் மனு. 1816இல் தொடங்கிய கதை நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஆலை 2024 மார்ச்சில் மூடப்பட்டதோடு முடிந்து, தயாரிப்பு ஜார்ஜியாவுக்கு மாறியது. இந்த இடைக்காலத்து எக்ஸ்பிரஸ்கள் மீதுதான் சொரசொரப்பான சேம்பர், பிசிறு, துரு என்ற புகார்கள் குவிந்தன. எல்லாமே மோசம் என்றில்லை. ஒன்று வெண்ணெயாக ஓடும். அடுத்த பெட்டியில் இருப்பது தோட்டாவைக் கவ்விக்கொண்டு விடாது. தரக்கட்டுப்பாடு தளர்ந்தால் இப்படித்தான் தெரியும்: சராசரி பெரிதாகக் கெடாது, ஒன்றுக்கொன்று வித்தியாசம் விரியும்.

சுட்ட பிறகு பம்ப் பின்னால் வரமாட்டேன் என்கிறது. என்ன காரணம்?

முதலில் வெளியே வந்த காலிக் கூட்டைப் பாருங்கள். விடை அதில்தான் இருக்கும்.

பித்தளை நிற அடிப்பகுதியில் நீளவாக்கில் கீறல்கள் இருந்தால் சேம்பர் சொரசொரப்பு. வட்டமாக வளையக் கோடுகள் பதிந்திருந்தால், சேம்பர் வெட்டிய கருவியின் தடத்தில் உலோகம் பிதுங்கி உட்கார்ந்திருக்கிறது. விளிம்பு கிழிந்து எக்ஸ்ட்ராக்டர் கொக்கி நழுவியிருந்தால், இழுக்கும் பலம் போதுமானது, கூடுதான் சேம்பரில் ஒட்டியிருக்கிறது; குற்றவாளி சேம்பர். விளிம்பு முழுசாக இருந்தும் கொக்கி நழுவியிருந்தால் எக்ஸ்ட்ராக்டரோ அதன் ஸ்பிரிங்கோ பலவீனம்.

சேம்பரைப் பார்க்கக் குழலைக் கழற்றி, பின்பக்கமாக டார்ச் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்சுவரில் மெதுவாகச் சுற்றுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. எக்ஸ்ட்ராக்டருக்காக வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் பெரும்பாலும் மாட்டும்.

மாட்டிய கூட்டை எடுக்க, துப்பாக்கியைத் தரையில் குத்துவது பலருக்கும் பழக்கம். வேண்டாம். சேம்பரில் இருப்பது சுட்ட கூடுதானா, சுடாத தோட்டாவா என்பது அந்த நேரத்தில் நிச்சயமாகத் தெரியாது. அடுத்த தோட்டாக்கள் இருக்கும் குழாயான மேகசினைக் காலி செய்யுங்கள். சுட்டதுதான் என்று உறுதியான பிறகே, குழலின் முகப்புக்கு முன்னால் உடம்பு வராமல் நின்று, மரக்குச்சியை உள்ளே விட்டுத் தட்டுங்கள்.

சேம்பரை நானே மெருகேற்றலாமா?

ஏற்றலாம். ஆனால் மெருகேற்றுவது வேறு, பெரிதாக்குவது வேறு.

முதலில் வெறும் சுத்தம். கரைப்பான் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, சேம்பருக்கென்று விற்கும் தடித்த வெண்கலப் பிரஷ்ஷால் தேய்த்தால் பிளாஸ்டிக் கறை போய், பாதிப் பேருக்கு அதோடு பிரச்சினை முடிந்துவிடும். புதுத் துப்பாக்கியில் கடையில் இருந்தபோது பூசிய கெட்டி எண்ணெயே காரணமாக இருப்பதும் உண்டு.

அப்படியும் தீரவில்லை என்றால்: குழலைத் தனியே கழற்றுங்கள். கட்டைவிரல் பருமனுள்ள மரக்குச்சியின் நுனியைப் பிளந்து, 0000 எண் எஃகுப் பஞ்சைச் சொருகி, சேம்பருக்குள் இதமாக இறுகும் அளவுக்குச் சுற்றுங்கள். மெல்லிய எண்ணெயில் நனைத்து, கையடக்க ட்ரில்லில் மாட்டி, மெதுவான வேகத்தில் முப்பது விநாடி முன்னும் பின்னும் ஓட்டுங்கள். எடுத்துத் துடைத்துப் பாருங்கள். தேவையானால் இன்னொரு முப்பது விநாடி. ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்டாதீர்கள். சேம்பர் முடிந்து குழல் குறுகும் சரிவைத் தொடாதீர்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. பிறகு ஒரு எஃகு இழைகூட மிஞ்சாமல் துடைத்து, எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்தையும் பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, லேசாக எண்ணெய் தடவுங்கள். குரோமியம் பூசிய சேம்பர் என்றால் கை வைக்கவே வேண்டாம்; பூச்சு உரிந்தால் திரும்ப வராது. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் நிறுவனத்துக்கு அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். அவர்கள் செய்யப்போவதும் இதே வேலைதான், ஆனால் கெட்டால் குழல் அவர்கள் செலவு.

குறை துப்பாக்கியிலா, தோட்டாவிலா?

மூன்று பிராண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி, அதாவது 25 தோட்டா, சுட்டுப் பாருங்கள். ஒரு பிராண்டில் மட்டும் சிக்கினால் தோட்டாவை மாற்றுவது லாபம்.

மலிவு தோட்டாக்களின் அடிப்பகுதி பித்தளை போலத் தெரிந்தாலும் பலவற்றில் எஃகுதான், மேலே முலாம். ஒரு காந்தத்தை வைத்தால் தெரிந்துவிடும். பித்தளை வெடித்த அழுத்தத்தில் விரிந்து, உடனே சற்றுச் சுருங்கும். சேம்பரை விட்டு விலகும். மென் எஃகு விரிந்தபடியே நின்றுவிடும். மெருகான சேம்பரில் இது பிரச்சினையே இல்லை. சொரசொரப்பான சேம்பரில் எஃகு அடித் தோட்டா ஆணியடித்த மாதிரி நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வம்பு.

நீளத்திலும் கவனம் வேண்டும். தோட்டாவின் பெட்டியில் போட்டிருப்பது சுட்டு விரிந்த பிறகான நீளம். 70 மில்லிமீட்டர் சேம்பருக்குள் 76 மில்லிமீட்டர் தோட்டா தாராளமாக நுழையும்; ஆனால் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நுழைந்துவிட்டது என்பதற்காகச் சுடக்கூடாது.

மேகசினிலிருந்து இரண்டு தோட்டா ஒரே நேரத்தில் வந்து அடைத்துக்கொள்கிறது.

870 வகையில் மேகசின் வாயில் இடமும் வலமுமாக இரண்டு தடுப்புத் தகடுகள் இருக்கும். ஒன்று அடுத்த தோட்டாவை நிறுத்தும், மற்றது வேண்டிய நேரத்தில் ஒன்றை விடும். அந்தத் தகடுகளை ரிசீவரின் (இயக்கப் பாகங்கள் அடங்கிய நடு உடல்) உள்சுவரில் சிறு குழிவுகளாகத் தட்டிப் பிடித்திருப்பார்கள். அந்தத் தட்டல் பலவீனமாக இருந்தால் தகடு ஆடும், இரண்டாவது தோட்டா, தோட்டாவைச் சேம்பருக்கு ஏற்றும் தூக்கித் தகட்டின் அடியில் நழுவிவிடும். ட்ரிகர் தொகுதியைக் கழற்றி, விரல் நுனியால் தகட்டைத் தள்ளிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் திரும்பத் தட்டிப் பிடிக்க வேண்டும். அதற்குச் சரியான கருவி தேவை, துப்பாக்கிப் பணிமனையில் கொடுங்கள்.

பம்ப்பின் முன்கட்டை ஆடுவதையும் லொடலொடவென்று சத்தம் போடுவதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாஸ்பெர்க் 500இல் அந்தச் சத்தம் பிறவிக்குணம்.

பெனெல்லியில் ட்ரிகரை இழுத்தால் ‘கிளிக்’ மட்டும் கேட்கிறது. தோட்டா நமுத்துப் போனதா?

அநேகமாக இல்லை. உலகம் முழுக்க இதற்குப் பெயரே ‘பெனெல்லி கிளிக்’.

1967இல் இத்தாலியின் உர்பினோவில் தொடங்கிய பெனெல்லியின், தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் இந்தத் துப்பாக்கிகளின் இயக்கம் இனர்ஷியா (நிலைமம்) வகை. சுட்டதும் துப்பாக்கி முழுவதும் பின்னால் அசைகிறது. போல்ட்டின் கனமான உடல் மட்டும் இருந்த இடத்தில் நிற்கப் பார்க்கிறது. அந்த வித்தியாசத்தில் போல்ட் உடலுக்கும் சுழலும் தலைக்கும் நடுவே உள்ள கெட்டி ஸ்பிரிங் அமுங்கி, பிறகு விரிந்து, உடலைப் பின்னால் எறிகிறது. தலை சுழன்று பூட்டு திறக்கிறது. எளிய ஏற்பாடு, வாயு கிடையாது, புகைக் கறை குறைவு.

அந்தச் சுழலும் தலைதான் இதன் பலவீனமும். புதரில் போல்ட்டின் கைப்பிடி மாட்டியோ, படகில் ஏறும்போது இடித்தோ போல்ட் ஒரு இழை பின்னால் நகர்ந்தால் தலை சற்றுச் சுழன்று பூட்டை விட்டுவிடும். பார்க்க மூடியது போலவே இருக்கும். ட்ரிகரை இழுத்தால் அடிக்கும் சுத்தியான ஹாமரின் வேகம் போல்ட்டை மூடுவதிலேயே செலவாகி, தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமரில் மெல்லிய தழும்பு மட்டும் விழும், அல்லது அதுவும் இருக்காது. வாத்துகள் பயந்துவிடுமே என்று போல்ட்டைக் கையில் பிடித்து மெதுவாக மூடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

மருந்து இரண்டு. போல்ட்டைத் தானாக ‘டப்’பென்று அடிக்கவிடுங்கள். நடந்து போய் உட்கார்ந்ததும், படகில் ஏறி இறங்கியதும், கைப்பிடியைக் கட்டைவிரலால் முன்னால் ஒருமுறை அழுத்துங்கள். 2017இல் வந்த சூப்பர் பிளாக் ஈகிள் 3இல் தலையைக் கடைசி வரை சுழற்றிப் பூட்ட ஒரு பொறி சேர்த்திருக்கிறார்கள். இருந்தும் அந்தக் கட்டைவிரல் பழக்கத்தை விடவேண்டாம்.

அதே துப்பாக்கி லேசான தோட்டாவுக்கு அடுத்ததை ஏற்றுவதில்லையே?

பின்னுதைப்பு போதவில்லை. 24 கிராம் ரவைத் தோட்டா ஒரு புது இனர்ஷியா துப்பாக்கியை அசைக்காது. 32 கிராம் தோட்டாவில் நூறு சுட்டு ஸ்பிரிங்குகளைப் பழக்குங்கள். பிறகு 28 கிராமுக்குப் பெரும்பாலும் வழிக்கு வரும். தோளில் தளர்வாகப் பிடித்தால் ஓடும்; மரத்தில் அல்லது வண்டியின் பக்கவாட்டில் கட்டையை (தோளில் பதியும் பின்பகுதி) முட்டுக்கொடுத்துச் சுட்டால் துப்பாக்கி நகர இடமில்லாமல் இயக்கம் நின்றுவிடும். குழலில் விளக்கு, கூடுதல் மேகசின் என்று எடை ஏற்றினாலும் இதே கதை.

வாயுவால் இயங்கும் துப்பாக்கிகளில் எதைப் பார்க்க வேண்டும்?

சுட்ட மருந்தின் வாயுவே போல்ட்டைப் பின்னால் தள்ளும் வகை இது. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 என்றால், மேகசின் குழாயின் மேல் உட்காரும் ரப்பர் வளையம். கிழிந்தால் வாயு ஒழுகி, துப்பாக்கி சோம்பேறியாகிவிடும். சில்லறைக் காசு பெறும் பொருள். வேட்டைப் பையில் இரண்டு வைத்திருங்கள். கிழிந்த வளையத்தோடு பத்து நாள் பயணத்தைக் கோட்டை விட்டவர்கள் ஏராளம்.

யாரும் பார்க்காத இடம் கட்டைக்குள் இருக்கிறது. 1100, 11-87, வாயு இல்லாத பெனெல்லி சூப்பர் பிளாக் ஈகிள் போன்றவற்றில் போல்ட்டை முன்னால் தள்ளும் ஸ்பிரிங் கட்டைக்குள் ஒரு குழாயில் இருக்கும். சதுப்பில் துப்பாக்கி நனைந்தால் தண்ணீர் அங்கே இறங்கித் தேங்கும். வெளியே எல்லாம் பளிச்சென்றிருக்க, உள்ளே ஸ்பிரிங் துருவேறிச் சுருங்கிக் கிடக்கும். போல்ட் முழுதாக மூடாமல் தயங்கினால் முதல் சந்தேகம் அதன் மேல். பருவத்துக்கு ஒருமுறை கட்டையைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துத் துடைத்து, மிக மெல்லிய எண்ணெய் தடவுங்கள். ஸ்பிரிங் அமுக்கத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு கழற்றுங்கள்.

உறைபனியில் மட்டும் தகராறு செய்கிறது.

எண்ணெய் கூடிப்போச்சு. போல்ட்டையும் ட்ரிகர் தொகுதியையும் கரைப்பானில் கழுவி, காயவைத்து, உறையாத செயற்கை எண்ணெயில் விரலில் ஒட்டும் அளவு மட்டும் தடவுங்கள். கெட்டி கிரீஸ், பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னையே மெதுவாக்கும். குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் வியர்க்கும். வெளியே திரும்பப் போனதும் அந்த ஈரம் உறையும். துப்பாக்கியைக் குளிர்ந்த இடத்திலேயே, பூட்டி வையுங்கள்.

குறி சரியாக வைத்தும் ரவை மேலே போகிறது. குழல் கோணலா?

சூப்பர் பிளாக் ஈகிள் 3 வந்த புதிதில் அதிகம் பேசப்பட்ட புகார் இது. முடிவுக்கு வரும் முன் குழலா, கட்டை உயரமா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஷாட்கனில் பின்குறி கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் கட்டையில் எவ்வளவு உயரத்தில் உட்காருகிறதோ அவ்வளவு உயரத்துக்குச் சூடு போகும். 16 கஜத்தில், கண் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உயர்ந்தால் ரவை சுமார் ஒரு அங்குலம் உயரும் என்பது பழைய கணக்கு.

நான்கடிச் சதுரத் தாளை 40 கஜத்தில் நிறுத்துங்கள். நடுவில் கையகலக் கறுப்புப் புள்ளி. மேசையில் மணல் மூட்டை வைத்து, குழலின் மேல்பட்டையும் முன்மணியும் ஒரே கோட்டில் தட்டையாகத் தெரியும்படி பிடித்து, ரைஃபிள் போல நிதானமாக ஒரே சோக்கில் (குழல்வாயைக் குறுக்கி ரவை சிதறுவதை அடக்கும் திருகு குழாய்), ஒரே தோட்டாவில் மூன்று முறை, தாளுக்கு ஒன்றாகச் சுடுங்கள். ரவை அடர்த்தியின் நடுவைக் கண்ணால் கணித்துக் குறியுங்கள். மூன்றும் புள்ளியிலிருந்து ஒரே திசையில் ஒரு சாண் தள்ளியே விழுந்தால் குழலோ சோக்கோ காரணம். சோக்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். குழல்வாயின் மரை கோணலாக வெட்டப்பட்டிருந்தால் சோக்கும் கோணலாகத்தான் உட்காரும். அப்படியும் அங்கேயே விழுந்தால் தாள்களை மடித்துத் துப்பாக்கியோடு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ‘மேலே சுடுகிறது’ என்று கடிதம் எழுதுவதைவிட மூன்று தாள் சத்தமாகப் பேசும்.

மேசையிலிருந்து சரியாகவும், நின்று சட்டென்று சுட்டால் மேலேயும் போனால் கட்டைதான் காரணம். பெனெல்லி, பெரெட்டா பெட்டிகளில் வரும் மெல்லிய தகடுகளை ரிசீவருக்கும் கட்டைக்கும் நடுவே மாற்றினால் சரியாகும். 60 சதவீத ரவை குறிக்கு மேலும் 40 கீழும் விழுவது பல வேட்டைத் துப்பாக்கிகளில் வேண்டுமென்றே செய்வது. அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

மேலும் கீழுமான இரட்டைக் குழலில் இரண்டாவது குழல் வெடிக்கவில்லை.

முதல் குழலின் உதைப்பு பட்டுத்தான் இரண்டாவது ஹாமருக்கு ட்ரிகர் மாறும் ரகமா என்று பாருங்கள். லேசான தோட்டா அல்லது முதல் தோட்டா வெடிக்காமல் போவது அந்த மாற்றத்தைக் கெடுக்கும். பிரைமரில் தழும்பு லேசாக விழுந்திருந்தால் கதை வேறு: ஸ்பிரிங் தளர்ச்சி அல்லது ஃபயரிங் பின் நுனி தேய்மானம்.

எஃகு ரவை குழலைக் கெடுக்குமா?

அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை கிடையாது. எஃகு ரவைக்கு எல்லோரும் பழகியாக வேண்டும். ஈயம் அமுங்கும், எஃகு அமுங்காது. பெரிய எஃகு ரவையை மிகக் குறுகலான ‘ஃபுல்’ சோக்கில் தள்ளினால், சோக்கிற்குச் சற்று முன்னால் குழலில் மோதிரம் போல வீக்கம் விழும். ‘மாடிஃபைட்’ அல்லது அதைவிடத் திறந்த சோக் போதும். எஃகு ரவை ஈயத்தைவிட இறுக்கமாகவே பறக்கும்.

சோக் கையால் சுழலாமல் இறுகிவிட்டால் அதுவும் வீக்கத்தின் அறிகுறி. மரையில் மெல்லிய கிரீஸ் தடவி, ஒரு பெட்டிக்கு ஒருமுறை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுத்தான். தளர்ந்த சோக்கின் உதட்டில் தக்கை (மருந்துக்கும் ரவைக்கும் நடுவே உள்ள அடைப்பு) மாட்டினால் முகப்பே பிளக்கும்.

துருக்கித் துப்பாக்கி வாங்கலாமா?

எந்தத் துருக்கி என்பதுதான் கேள்வி. கோன்யா மாகாணத்தின் ஹுக்லு, உசும்லு ஊர்களில் தலைமுறையாகத் துப்பாக்கி வேலைதான் பிழைப்பு. ஹுக்லு கூட்டுறவு 1962இல் அமைந்தது. அங்கிருந்து நல்ல சரக்கும் வருகிறது, அவசரச் சரக்கும் வருகிறது, பல சமயம் ஒரே வடிவம் பல பெயர்களில். குறைகள் ஒரு மாதிரியாகவே இருக்கும்: ஸ்பிரிங்கும் சிறு பாகங்களும் சரியாக வெப்பப் பதம் ஏறாமல் மென்மையாக இருப்பது, மேல்பட்டையின் ஈயப்பற்று விடுவது, மரமும் உலோகமும் சேரும் இடத்தில் இடைவெளி.

வாங்கும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எக்ஸ்ட்ராக்டரும் ஃபயரிங் பின்னும் இறக்குமதியாளரின் அலமாரியில் இன்று இருக்கிறதா? ‘வரவழைக்கலாம்’ என்றால் வேறு கடை.

ப்ரூஃப் முத்திரை இருந்தால் தரம் உறுதிதானே?

வெடிக்காது என்பது உறுதி. நன்றாக ஓடும் என்று அது சொல்லவில்லை.

1914இல் அமைந்த, துப்பாக்கிச் சோதனைக்கான பன்னாட்டு அமைப்பான சி.ஐ.பி.யின் நாடுகளில், அதாவது இத்தாலி, ஜெர்மனி, பிரிட்டன் போன்றவற்றில், ஒவ்வொரு துப்பாக்கியும் அரசு ஏற்ற சோதனைச்சாலையில் அதிக அழுத்தத் தோட்டாவால் சுடப்பட்டு முத்திரை வாங்க வேண்டும். சாதாரண 12 போருக்கு அங்கே உச்ச அழுத்தம் 740 பார், உயர்திறன் தோட்டாவுக்கு 1050 பார். லில்லிப் பூ முத்திரை இருந்தால் உயர்திறன் எஃகு ரவைக்குத் தேறியது. அமெரிக்காவில் அப்படிச் சட்டக் கட்டாயம் இல்லை. 1926இல் உருவான தொழில் சங்கமான ஸாமி (நம் சாமி இல்லை) அளவுகளை வகுத்துத் தருகிறது, உற்பத்தியாளர்கள் தாமே பின்பற்றுகிறார்கள். அங்கே 12 போரின் உச்சம் 11,500 பிஎஸ்ஐ, மூன்றரை அங்குலத் தோட்டாவுக்கு மட்டும் 14,000. இந்த எந்தச் சோதனையிலும் சேம்பர் மெருகோ, கட்டை உயரமோ பார்ப்பதில்லை.

குறையுள்ள துப்பாக்கியைத் திரும்பப் பெற அரசு கட்டாயப்படுத்துமா?

அமெரிக்காவில் இல்லை. 1972இல் வந்த நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டத்தில் துப்பாக்கிக்கு விலக்கு உண்டு. மிக்ஸிக்கும் பொம்மைக்கும் ஆணை போடும் அமைப்புக்குத் துப்பாக்கி மேல் அதிகாரம் கிடையாது. திரும்பப் பெறும் அறிவிப்புகள் எல்லாம் நிறுவனமே முன்வந்து செய்பவை. ஆகவே வாங்கியதும் வரிசை எண்ணை நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். பழையது வாங்கினால் அந்த எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். பழுதுக்கு நீங்களே நிறுவனத்துக்கு அனுப்பலாம், அவர்கள் உங்கள் முகவரிக்கே திருப்பி அனுப்பவும் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது.

எப்போது சுடுவதை உடனே நிறுத்த வேண்டும்?

சத்தம் ‘புஸ்’ஸென்று குறைவாகக் கேட்டால். தக்கை குழலிலேயே நின்றிருக்கலாம்; அடுத்தது சுட்டால் குழல் வெடிக்கும். காலி செய்து, போல்ட்டைத் திறந்து, குழலுக்குள் வெளிச்சம் பாருங்கள். ட்ரிகர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் முகப்பைப் பாதுகாப்பான திசையில் குறைந்தது 30 விநாடி பிடித்திருந்துவிட்டுத் திறங்கள்.

பையில் 12, 20 இரண்டு போர் தோட்டாவையும் கலக்கவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் சேம்பரைக் கடந்து உள்ளே போய் நின்றுவிடும். பின்னால் 12 போர் ஏறும், மூடும், வெடிக்கும். 20 போருக்கு மஞ்சள் நிறம் வைத்ததே இதற்காகத்தான்.

புதுத் துப்பாக்கியைச் சீசனுக்கு முன் எப்படிச் சோதிப்பது?

குறைந்தது நூறு தோட்டா, வேட்டையில் சுடப்போகும் அதே ரகம் குறைந்தது இருபத்தைந்து அதில் இருக்க வேண்டும். முதலில் கழற்றிக் கடை எண்ணெயைத் துடையுங்கள். வெடிக்காத பொம்மைத் தோட்டா போட்டுப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். பிறகு மேகசினை முழுதாக நிரப்பி ஒரு சுற்று, ஒன்றே ஒன்று போட்டு ஒரு சுற்று. ஸ்பிரிங்கின் இரண்டு எல்லையும் அப்போதுதான் தெரியும். சிக்கிய கூட்டைத் தூக்கி எறியாமல் எத்தனையாவது சூடு, எந்தத் தோட்டா என்று மார்க்கரில் அதன் மேலேயே எழுதுங்கள். நூறில் ஒன்று சிக்கினால் பொறுத்துக்கொண்டு இன்னும் ஒரு பெட்டி சுடலாம். ஒரே விதமாக மூன்று சிக்கினால் அந்தக் கூடுகளோடு கடைக்காரரிடம் போங்கள்.

பழைய துப்பாக்கி வாங்கும்போது?

குழலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். உள்ளே தெரியும் வட்ட நிழல்கள் ஒரே மையத்தில் அடுக்கடுக்காக இருக்க வேண்டும். ஒரு வளையம் முட்டை வடிவில் நெளிந்தால் அங்கே வீக்கம் அல்லது நசுங்கல். சோக்கைக் கழற்றச் சொல்லுங்கள். ‘எப்போதும் அதே சோக்தான், கழற்றியதே இல்லை’ என்றால் மரை துருப்பிடித்துக் கிடக்கும். எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் முனை விரல் நகத்தில் பிடிக்கும் கூர்மையோடு இருக்கிறதா, கட்டையின் கழுத்தில் மயிரிழை விரிசல் உண்டா, திருகுத் தலைகள் சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிதைந்த திருகு என்றால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். என்ன செய்தார்கள் என்று விற்கிறவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை விலை பேசாதீர்கள்.